அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்



சென்ற ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இஷா தொழுகை முடிந்து ஒரு சகோதரர் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கு வேன் ஓட்டுகிறவர். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தம். பட்டாபிராம் பக்கம் 800 சதுர அடி மனை, விலை 20 லட்சம், அட்வான்ஸ் 3 லட்சம் கொடுத்தாகிவிட்டது. அது அவருடைய மனைவியின் நகையை விற்ற பணம். மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாகப் பேச்சு. ஐந்து மாதம் ஆகியும் பதிவு நடக்கவில்லை.

விற்பவர் தரப்பையும் அழைத்து உட்கார வைத்துப் பேசினோம். மனை யார் பெயரில் இருந்ததோ அவர் வஃபாத் ஆகிவிட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்தவனுக்கு 14 வயது, இளையவளுக்கு 9. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அந்தச் சகோதரி. கணவரின் ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க வேறு வழி இல்லாமல்தான் விற்க முன்வந்தார். வாங்கிய 3 லட்சமும் கடன்காரர்களிடம் போய்விட்டது. கிரயப் பத்திரம் எழுதப் போனபோது வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: "மைனர் பிள்ளைகளின் பங்கை விற்க கோர்ட் உத்தரவு எங்கே?" அதோடு எல்லாம் நின்றுவிட்டது.

இதில் ஏமாற்றுக்காரர் என்று யாரும் இல்லை. இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து மஹல்லா. மாதம் 10,000 வீதம் திருப்பித் தருவதாக ஏற்பாடாகி, இதுவரை 1,10,000 வந்திருக்கிறது. ஆனால் அன்று விற்ற நகையை அந்தப் பணத்துக்கு இன்று வாங்க முடியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வீடு, மனை, சேமிப்பு பற்றி எழுதுங்கள் என்று பல குடும்பங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரு கட்டுரையில் சொல்லிவிட முடியாது. நம் அலுவலகத்துக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை அட்வான்ஸ் கொடுத்த பிறகு வருகின்றன. அதற்கு முந்தைய பத்து நாளில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையே இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட வேண்டும். "ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவாகிவிட்டது, இனி கவலை இல்லை" என்று சொல்கிறோம். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்த பத்திரமும் பதிவாகலாம். பதிவானதால் அது உங்களுக்கு உரிமையைத் தந்துவிடாது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் கணக்கு. முக்கியமான ஆதாரம், ஆனால் பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. ஆகவே உரிமையைச் சோதிக்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான் இருக்கிறது.

எப்படிச் சோதிப்பது? விற்பவரிடம் அவர் வாங்கிய கிரயப் பத்திரத்தையும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களையும் அசலாகக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், "அசல் லாக்கரில் இருக்கிறது, அசல் அண்ணனிடம் இருக்கிறது" என்று சொன்னால், அங்கேயே நிதானியுங்கள். அசல் எங்கேயாவது ஃபைனான்ஸில் அடகாக இருக்கலாம். சங்கிலி போல ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மனை எப்படி வந்தது என்று குறைந்தது 30 வருடத்துக்காவது தொடர்ச்சி தெரிய வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டிருந்தால் அது ஏன் என்று விளக்கம் வேண்டும்.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். பொதுவாக 1975 முதல் உள்ள பதிவுகள் கிடைக்கின்றன. படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் நம் பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ல். 2018ல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே இருக்கின்றன. இதற்கிடையில் சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லையும் மாறியிருக்கிறது. ஆகவே உங்கள் மனையின் பழைய பத்திரம் வேறு அலுவலகத்தில் பதிவாகியிருக்கலாம். இன்றைய அலுவலகத்தில் மட்டும் வில்லங்கம் போட்டுவிட்டு "ஒன்றும் இல்லை, சுத்தம்" என்று திருப்திப்படக் கூடாது. பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கேயும் தேட வேண்டும். சர்வே எண்ணும் உட்பிரிவு மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுங்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். கோர்ட்டில் நடக்கும் வழக்கு தெரியாது. பதிவு செய்யாத உயில் தெரியாது. ஒருவர் இறந்தால் வாரிசுகள் யார் என்பதும் தெரியாது. நம் சமுதாயத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு: ஹிபா. கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தைக் கையில் ஒப்படைத்துவிட்டால் வாய்மொழி ஹிபாவும் முஸ்லிம் தனியார் சட்டப்படி செல்லும் என்று 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வாங்க வருபவருக்கு அது எந்தப் பதிவிலும் தெரியாது. அண்ணன் பெயரில் பத்திரம், வீட்டில் பதினைந்து வருடமாகக் குடியிருப்பவர் தங்கை என்றால், கதவைத் தட்டி அந்தத் தங்கையிடமே கேட்டுவிடுங்கள். சங்கடம்தான். பின்னால் வழக்கில் நிற்பதைவிட இந்தச் சங்கடம் மேல்.

இனி, நாம் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறோம்: வாரிசுகள்.

ஒருவர் வஃபாத் ஆன அந்தக் கணமே அவருடைய சொத்து வாரிசுகளின் பங்காகிவிடுகிறது. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மீதி எல்லாம். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு மகன், ஒரு மகளை விட்டுச் செல்கிறார். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள். சொத்தை 40 பங்காக வைத்துக்கொண்டால், மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5. மகன்களுக்குத் தலா 14. மகளுக்கு 7. இதில் யார் ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் அவருடைய பங்கு விற்பனையாகவில்லை. மற்றவர்கள் தங்கள் பங்கை மட்டும்தான் விற்றிருக்கிறார்கள். நீங்கள் முழு விலையும் கொடுத்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு கூட்டுச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறீர்கள்.

நடைமுறையில் விட்டுப்போவது எப்போதும் மகளின் கையெழுத்துதான். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நாற்பது பவுன் போட்டாச்சு, அவங்க ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்பார்கள். கல்யாணத்தில் போட்டது வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் மறைந்த பிறகு வருவது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிக்க ஷரீஅத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இல்லை. அந்த அக்கா கேட்காமல் இருக்கலாம். நாளை அவருடைய மருமகன் கேட்பார். வாங்குகிறவர்களாகிய நாம் கொஞ்சம் உறுதியாக இருந்தால், நம் ஊரில் எத்தனையோ சகோதரிகளுக்குத் தானாகப் பங்கு கிடைத்துவிடும். அவர் விருப்பப்பட்டு விட்டுக்கொடுப்பதானால் அதைப் பதிவான விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுக்கட்டும். வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களையும் ஜமாஅத்தில் தெரிந்த குடும்ப விவரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது நிக்காஹ், முதல் மனைவியின் பிள்ளைகள் என்று சான்றிதழில் வராத பெயர் ஒன்று இருந்துவிடுவது உண்டு.

மைனர் விஷயம் இன்னும் நுட்பமானது. மற்றச் சமுதாயத்தில் தந்தை இல்லாவிட்டால் தாய் இயற்கைக் காப்பாளர். முஸ்லிம் தனியார் சட்டத்தில் பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் பிள்ளையின் அசையாச் சொத்துக்குச் சட்டப்படியான காப்பாளர் தந்தை, அவர் நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர் ஆகியோர் மட்டுமே. 1918ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. இவர்கள் யாரும் இல்லாதபோது தாய் கோர்ட்டில் மனுப் போட்டு, 1890 ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி காப்பாளராக நியமனம் பெற்று, விற்பதற்குத் தனியாக அனுமதியும் வாங்க வேண்டும். அது இல்லாமல் தாய் விற்ற பங்கு செல்லாது. பெரியப்பா, தாய்மாமன் கையெழுத்துக்கும் இதே நிலைதான். நாம் மேலே சொன்ன வேன் ஓட்டும் சகோதரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளைகளுக்கு என்ன வயது? அந்தச் சகோதரிக்கும் யாரும் இதைச் சொல்லவில்லை. இப்போது கோர்ட் மனுவுக்கு நாம் உதவி செய்து வருகிறோம். உத்தரவு வந்தால் அதே சகோதரருக்கே விற்க அவர் சம்மதித்திருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.

வக்ஃப் நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ வக்ஃப் செய்யப்பட்ட நிலத்தை விற்கவோ தானம் செய்யவோ வக்ஃப் சட்டம் தடை செய்கிறது. முத்தவல்லியே எழுதிக் கொடுத்தாலும் அந்த விற்பனை செல்லாது. ஒருமுறை வக்ஃப் ஆனது என்றும் வக்ஃபே என்று 1998ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பழைய பள்ளி, அடக்கஸ்தலம் அருகே மனை என்றால் வக்ஃப் வாரியப் பட்டியலில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அரசின் கை பட்ட நிலம். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், வண்டிப்பாதை ஆகியவற்றைத் தனியார் விற்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1978 ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் பலருக்கு மறந்துபோனது. சென்னையைச் சுற்றிய நம் பகுதிகளில் அந்தச் சட்டப்படி உபரி நிலம் என்று அரசு எடுத்துக்கொண்டது கொஞ்சநஞ்சம் அல்ல. சட்டம் 1999ல் நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அரசு சுவாதீனம் எடுத்த நிலம் திரும்ப வந்துவிடவில்லை. பழைய சொந்தக்காரர் பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்றிருப்பார். வாங்கியவர் வீடும் கட்டியிருப்பார், பட்டாவுக்குப் போனால்தான் விவரம் தெரியும். ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்தில் எ-பதிவேட்டையும், புலப்படத்தையும் பார்க்காமல் மனை வாங்க வேண்டாம். ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்களின் சுவரை ஒட்டிய மனைகளில் கட்டட அனுமதிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அதையும் முன்கூட்டி விசாரியுங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல் மனை" என்று சொல்லி விற்பதை இன்னும் கேட்கிறோம். நம் பகுதி சி.எம்.டி.ஏ. எல்லையில் வருகிறது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது அவர்கள்தான். பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை அங்கீகாரம் ஆகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது நினைவிருக்கும். பிறகு 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள அவை வழி செய்தன. அதனால், பழைய மனை என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய மனைப்பிரிவோ அடுக்குமாடியோ என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமைவது அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ளது ரெரா பதிவு பெற்றிருக்க வேண்டும். ரெரா எண்ணை அதன் தளத்தில் போட்டுப் பாருங்கள். விளம்பர நோட்டீஸில் அச்சடித்திருப்பது போதாது. ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை. அடுக்குமாடியில் சதுர அடி விலை பேசும்போது எந்த அளவுக்கு விலை என்று கேளுங்கள். சுவருக்குள் நாம் புழங்கும் கார்ப்பெட் ஏரியா ஒன்று, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்த்துச் சொல்லும் அளவு வேறொன்று. உங்களுக்கு நிலத்தில் எவ்வளவு பிரிபடாத பங்கு வருகிறது என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். கட்டடம் பழசாகும்போது மதிப்பு நிற்பது அந்த நிலப் பங்கில்தான்.

மனையை நேரில் பாருங்கள், அதுவும் மழைக்காலத்தில். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று நம்மைச் சுற்றி எல்லாம் ஏரி. ஏரிக்கு உபரி நீர் வரும் வழி, போகும் வழி எது என்று மனையை விற்பவர் சொல்ல மாட்டார். எதிர் வீட்டுச் சுவரில் நீர் நின்ற கறை சொல்லும். அங்கே பத்து வருடமாகக் குடியிருக்கும் ஒரு பெண்மணியிடம் கேட்டால் எத்தனை படி தண்ணீர் ஏறியது என்று சரியாகச் சொல்வார். "பட்டாபிராமில் டைடல் பார்க் வந்துவிட்டது, பூந்தமல்லிக்கு மெட்ரோ, குத்தம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்ட், இப்போது விட்டால் கிடைக்காது" என்று அவசரப்படுத்துவார்கள். அவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்ததை நாமும் பார்த்தோம். ஆனால் மெட்ரோ வந்தாலும் வராவிட்டாலும் மைனர் பங்கு மைனர் பங்குதான்.

பவர் பத்திரத்தை வைத்து விற்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பாருங்கள். முடிந்தால் அவரிடமே நேரில், வெளிநாட்டில் இருந்தால் வீடியோவில், பேசுங்கள். பவரையே கிரயமாக எண்ணி முழுப் பணம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் நம்மில் உண்டு. பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஒப்பந்தம் போடலாம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். செலவுக்குப் பயந்து முத்திரைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்கிறோம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். அடுத்து வாங்க வருபவர் கண்ணில் படும். அட்வான்ஸை வங்கி மூலம் கொடுங்கள். நிலத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குபவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். "நமக்குள்ள என்ன பாய் எழுத்து, நம்பிக்கைதானே" என்று சொல்பவர்களிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282, கொடுக்கல் வாங்கலை எழுதி சாட்சி வைப்பதைப் பற்றியது.

செலவுக் கணக்கில் பலரும் பதிவுச் செலவை மறந்துவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2,80,000ம் 80,000ம் சேர்ந்து 3,60,000 ரூபாய். கட்டுநரிடம் வாங்கும் புது அடுக்குமாடிக்குக் கணக்கு வேறு. 10 லட்சம் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சிறிய மனை வாங்குபவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மனைவி பெயரில் பதிந்தால் சட்டப்படி அது மனைவியின் சொத்து என்பதை மனதார ஏற்றுக்கொண்டு பதியுங்கள்.

வங்கிக் கடன் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்கள் வேறு வழியே இல்லாதபோது குடியிருக்கும் வீட்டுக்காக வாங்கலாம் என்று அங்குள்ள ஃபத்வா மன்றம் ஒன்று 1999ல் சொன்னது. நம் ஊர் ஆலிம்கள் அதை இங்கே பொருத்துவதில்லை. வட்டியில்லா வங்கி முறையை இந்தியாவில் எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017ல் முடிவு செய்துவிட்டது. ஃபத்வா கொடுப்பது இந்த இதழின் வேலை அல்ல, உங்கள் இமாமிடம் கேளுங்கள். நாம் கணக்கை மட்டும் சொல்கிறோம். 30 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000. முடிவில் கட்டியிருப்பது 64 லட்சத்து 78 ஆயிரத்துக்குப் பக்கம். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம். மாதம் 45,000 சம்பளம் வரும் வீட்டில் இந்தத் தவணை போனால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்க முடியாது.

நம்மிடையே வட்டியில்லாமல் வீடு கட்டியவர்களைக் கவனித்திருக்கிறோம். பெரும்பாலும் ஒரே வழிதான்: முதலில் சிறிய மனை, சில வருடம் கழித்து ஒரு அறையும் சமையலறையும், பிறகு மாடி. அவசரப்படவில்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்கினால் யார் எவ்வளவு போட்டது என்பதை அன்றே எழுதி, எல்லோர் பெயரையும் பத்திரத்தில் போடுங்கள். கட்டுநர் விலையை முன்பே உறுதியாக நிர்ணயித்து, ரொக்க விலையைவிடக் கூடுதலானாலும், தவணையில் விற்றால் அது வியாபாரம் என்பது ஃபிக்ஹில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தாமதத்துக்கு வட்டி போடும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "மாதம் 3,000 கட்டுங்கள், ஐந்து வருடத்தில் மனை உங்களுக்கு" என்ற திட்டங்கள் வேறு வகை. கடைசித் தவணை வரை நிலம் அவர்கள் பெயரில்தான் இருக்கும். அதற்குள் அதை அவர்கள் அடமானம் வைத்தால் உங்களுக்குத் தெரியாது.

வாங்க இயலாதவர்கள் போக்கியத்துக்குப் போகிறோம். ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. கொடுத்த பணத்துக்குப் பதிலாக வீட்டின் பயனை அனுபவிப்பது கூடுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். உலகியல் ஆபத்து இது: அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் கட்டாமல் போனால், வங்கி வீட்டை ஏலம் விடும், உங்கள் எட்டு லட்சத்துக்கு அங்கே கேட்பாரில்லை. போக்கியத்துக்கும் வில்லங்கம் பாருங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

மனை வாங்கும் அளவு பணம் சேரும்வரை அதை எங்கே வைப்பது? இங்கேதான் நம் சமுதாயம் அதிகம் இழந்திருக்கிறது. பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனம் வட்டி அல்ல, ஹலாலான லாபப் பங்கு என்று சொல்லித்தான் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் பணத்தை வாங்கியது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் துபாய் போய்விட்டார். ஜூலையில் டெல்லி திரும்பியபோது கைதானார். சிவாஜி நகரில் புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் கணவனை இழந்தவர்களும், பெண் பிள்ளைகளின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்களும் இருந்தார்கள். சென்னை அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா வழக்கில் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் என்கிறது போலீஸ். ஹலால் என்ற சொல் விளம்பரத்தில் இருப்பது வேறு, செபி பதிவு இருப்பது வேறு. மாதாமாதம் நிச்சயமான லாபம் என்று ஒருவர் உறுதி சொன்னால், உண்மையான வியாபாரத்தில் அப்படி யாராலும் சொல்ல முடியாது என்பது நம் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஷரீஅத் விதிகளின்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் செபி மேற்பார்வையில் இருக்கின்றன. டாடா எத்திகல் ஃபண்ட் அதில் ஒன்று. நாம் எதையும் சிபாரிசு செய்யவில்லை. அவற்றின் விலை ஏறும், இறங்கும். இரண்டு வருடத்தில் மனைக்குத் தேவைப்படும் பணத்தை அங்கே போடக் கூடாது. தங்கமாக வைப்பதானால் நகையைவிடக் காசாக வைப்பது மேல். செய்கூலி, சேதாரம் விற்கும்போது திரும்பாது.

ஜகாத் பற்றி அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு வாங்கிப் போட்ட மனை வியாபாரப் பொருள். அதன் அன்றைய சந்தை மதிப்பில் வருடந்தோறும் இரண்டரை சதவீதம் என்பதே பரவலான கருத்து. "அது சும்மா கிடக்குது" என்று விட்டுவிடுகிறோம்.

நம் டிரஸ்டில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் பத்திரம் பார்க்கும் முகாம் நடத்துகிறோம். இரண்டு வக்கீல்களும் ஓய்வு பெற்ற ஒரு நில அளவையரும் கட்டணம் வாங்காமல் வருகிறார்கள். பெண்கள் தனியாக வரலாம், தனி இடம் இருக்கிறது. தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா, புலப்படம், வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல் கொண்டு வாருங்கள். அசல் வேண்டாம், பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்தவர் ஒருவர் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய ஞாயிறு வாருங்கள்.